டாக்டர் ஹூ: அழிந்த எபிசோடுகளைக் காப்பாற்றிய பேப்பர்பேக்குகள்

(திரையில்: 1970-களின் பிரிட்டிஷ் வீட்டுக் கூடம், மூலையில் டிவி)

வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம். பிரிட்டனில் ஒரு பத்து வயதுச் சிறுவன் பிபிசியில் 'டாக்டர் ஹூ' பார்த்துக்கொண்டிருக்கிறான். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியின் கதை அது. சுமார் 25 நிமிடம், அவ்வளவுதான். முடிந்தால் முடிந்ததுதான். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் கிடையாது, மறு ஒளிபரப்பும் அபூர்வம். அந்தக் கதைக்குள் திரும்பப் போக அவனுக்கு இருந்த வழி, ஒரு மெல்லிய பேப்பர்பேக். அந்தக் கதைகளை நாவலாக வெளியிட்ட பதிப்பகத்தின் பேர், டார்கெட் புக்ஸ்.

டிவி தொடரை வைத்து எழுதின நாவல் என்றாலே இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த இளக்காரம் இந்தப் புத்தகங்களிடம் செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: 1964)

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23-ஆம் தேதி. அடுத்த வருடமே முதல் நாவல் வந்துவிட்டது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர், தொடரின் முதல் கதை எடிட்டர். டிவியில், இயன், பார்பரா என்ற இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவியைப் பின்தொடர்ந்து ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போவார்கள். அங்கேதான் டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸ் நிற்கும். விட்டேக்கர் அந்தத் தொடக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டார். நாவலில் லண்டனின் பார்ன்ஸ் காமன் திடல், கண்ணை மறைக்கும் மூடுபனி, ஒரு சாலை விபத்து. அதற்குள் தடுமாறி வந்து சேர்கிறார் இயன். கதை முழுவதையும் 'நான்' என்று சொல்வதும் அவரே. டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளின் தலைவன் கண்ணாடி உடலோடு வருகிறான். டிவியில் அப்படி ஒன்று கிடையாது. காகிதத்தில் செட் போடக் காசு வேண்டாமே!

அந்த நாவலையும், அதற்கு அடுத்து வந்த இரண்டையும் 1973-இல் டார்கெட் மறுபதிப்பு செய்தது. கிறிஸ் அகிலியோஸ் வரைந்த அட்டைகளுக்காகவே வாங்கினவர்கள் உண்டு. நன்றாக விற்றதும் புதுப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. பெரும் பங்கு டெரன்ஸ் டிக்ஸுடையது, 60-க்கும் மேல். டார்டிஸ் வந்து இறங்கும்போது மூச்சிரைத்து முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்கும் என்று புத்தகத்துக்குப் புத்தகம் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் எழுதுவார். வாசகர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். அவருடைய பிற்காலப் புத்தகங்கள் சில, திரைக்கதையை அப்படியே உரைநடையாக்கியது போலத்தான் இருக்கும். ஆனாலும் தெளிவான, தடையில்லாத அவருடைய நடையால் புத்தகம் படிக்கிறவர்களாக மாறிய பிள்ளைகள் ஏராளம்.

(திரையில்: குகைக்குள் ஊர்வன மனிதர்கள்)

எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது மால்கம் ஹல்க். 1970-இல் அவர் எழுதிய ஒரு டிவி கதையில், மனிதனுக்கு முன்பே பூமியை ஆண்ட ஊர்வன இனம் ஒன்று நெடுந்தூக்கத்திலிருந்து விழிக்கிறது. திரையில் அவர்கள் ரப்பர் உடை போட்ட நடிகர்கள். பெயர்கூடக் கிடையாது, 'மூத்தவர்', 'இளையவர்', 'விஞ்ஞானி', அவ்வளவுதான். 1974-இல் அதையே நாவலாக்கியபோது ஹல்க் அவர்களுக்குப் பெயர் வைத்தார்: ஓக்டெல், மோர்க்கா, க்'டோ. நாவல் தொடங்குவதே அவர்கள் பக்கத்திலிருந்துதான். தங்கள் உலகம் அழியப்போகிறது என்று நம்பி அவர்கள் பூமிக்கடியில் உறங்கப் போகிறார்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு, பின்னால் மனிதர்கள் குகையை வெடி வைத்து மூடும் இடம் தாங்க முடியாததாகிவிடுகிறது. டிவியில் பார்த்தபோது அவர்கள் 'அசுரர்கள்'. புத்தகத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள்.

(திரையில்: காந்த நாடாச் சுருள்கள்)

அடுத்தது ஒரு பெரிய இழப்பு. அந்தக் காலத்தில் வீடியோ டேப்பின் விலை அதிகம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்களின் கட்டுப்பாடும் இருந்தது. அதனால் பிபிசி பழைய டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்கப் போட்ட ஃபிலிம் பிரதிகளும் பல குப்பைக்குப் போயின. இன்றும் 1960-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவற்றின் படம் இல்லை. ரசிகர்கள் டிவி முன்னால் வைத்துப் பதிவு செய்த ஒலி மட்டும் தப்பியது. ஏழு எபிசோடுகள் கொண்ட 'மார்கோ போலோ' கதையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. திரைக்கதை எழுதிய ஜான் லூகரோட்டியே 1980-களில் அதை நாவலாக்கினார். காட்சியாக அந்தப் பயணத்தைப் பின்தொடர விரும்பினால் அந்தப் புத்தகத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

சில நேரம் படமும் திரும்பி வரும். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் நீண்ட காலம் ஒரே ஒரு எபிசோடுதான் கையில் இருந்தது. இயன் மார்ட்டர் 1981-இல் எழுதிய நாவலை வைத்துத்தான் பலர் அதை அறிந்திருந்தார்கள். மார்ட்டரும் தொடரில் நடித்தவர்தான். நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையம் ஒன்றிலிருந்து மீதி எபிசோடுகள் கிடைத்த செய்தி 2013-இல் வந்தது.

1989-இல் தொடர் நின்றது. நாவல்கள் நிற்கவில்லை. 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் முற்றிலும் புதிய கதைகளை வெளியிட்டது. அதில் பால் கார்னெல் 1995-இல் எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்', முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஒரு பள்ளியில் டாக்டர் மனிதனாகவே வாழும் கதை. தொடர் மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 2007-இல் அது டிவிக்கே போனது. டாக்டராக டேவிட் டெனன்ட் நடித்தார், திரைக்கதையும் கார்னெல்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? தொடரே பார்த்ததில்லை என்றால் விட்டேக்கர். பார்த்திருந்தால் நேராக ஹல்க். 2007 எபிசோடுகள் பிடித்திருந்தால் 'ஹ்யூமன் நேச்சர்'. அதைப் படிக்கும்போது டெனன்ட்டை மறந்துவிடுங்கள். டாக்டர் வேடத்தில் நடிகர்கள் மாறி மாறி வருவார்கள், நாவலில் இருப்பது சில்வெஸ்டர் மெக்காய் நடித்த ஏழாவது டாக்டர்.