குப்பைப் படகில் போன கார்டுகள்

[திரையில்: 1952 டாப்ஸ் கார்டு, எண் 311, மிக்கி மேன்டில்]

இந்தக் கார்டை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை. நீலப் பின்னணி, தோளுக்கு மேல் மட்டை, நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் தொப்பி போட்ட இருபது வயதுப் பையன், பெயர் மிக்கி மேன்டில். 1952-ல் டாப்ஸ் என்ற புரூக்லின் கம்பெனி பபுள்கம்மோடு சேர்த்து விற்றது, பாக்கெட் 5 சென்ட். 2022 ஆகஸ்டில் இதே கார்டின் ஒரு பிரதி ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய ரூபாய்க் கணக்கில் சுமார் நூறு கோடி.

ஒரு அட்டைக்கு, நூறு கோடி.

ஏன் என்று கேட்டால் ‘பழசு, அதனால்தான்’ என்பார்கள். பழசுக்கு மட்டும் விலை என்றால், இதைவிட முப்பது வருடம் மூத்த கார்டுகள் பத்து இருபது டாலருக்கெல்லாம் கிடைக்காது. ‘பெரிய ஆட்டக்காரர்’ என்பார்கள். பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் இது அவருடைய முதல் கார்டு கிடையாது, அதற்கு முந்தைய வருடமே பௌமன் என்ற போட்டிக் கம்பெனி அவர் கார்டைப் போட்டுவிட்டது. முதல் கார்டுக்குத்தான் மவுசு என்பது கார்டு சேகரிப்பவர்கள் உலகத்தின் வழக்கம், இருந்தும் ஒரே தரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 1952-தான் அதிக விலை போகும்.

சரி, அப்போது என்ன நடந்தது? அந்த வருடக் கார்டுகள் தவணை தவணையாக வந்தன. 311 முதல் 407 வரை கடைசித் தவணை. அது கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசனே முடியப் போகிறது, பிள்ளைகள் அமெரிக்க ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டார்கள், கடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சமெல்லாம் கிடங்கில் தூங்கியது. இந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கர் பின்னாளில் சொன்னபடி, அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்த்தும் போகவில்லை, 1960-ல் பெட்டி பெட்டியாகக் குப்பைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். அவரும் கூடவே போனாராம். முந்நூறிலிருந்து ஐந்நூறு பெட்டி என்பது அவர் கணக்கு.

இப்போது ‘ஆஹா, அரிதானது, அதனால்தான் விலை’ என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைசித் தவணையில் 97 பேர், அச்சுத்தாளில் 100 இடம், மூன்று இடம் மிச்சம். அதனால் மூன்று பேரை இரண்டு தடவை அடித்தார்கள்: ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன், மேன்டில். அதாவது அந்தத் தவணையில் மற்ற 94 பேரைவிட மேன்டில்தான் இரண்டு மடங்கு அதிகம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் ‘குறைவாக இருந்தால் விலை ஏறும்’ என்ற சுலபமான கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது.

[திரையில்: டி206 வரிசை, ஹோனஸ் வாக்னர்]

1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த கார்டுகள், டி206 என்று பெயர். அதில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர், தன் படத்தைப் போடக் கூடாது என்று நிறுத்திவிட்டார். பிள்ளைகள் கார்டுக்காக சிகரெட் வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு கட்சி, காசு கொடுக்கவில்லை அதனால் என்பது இன்னொரு கட்சி. (மனிதர் புகையிலை மெல்லுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.) இன்று தெரிந்து இருப்பவை சுமார் 60. 2022-ல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது, அதுவும் தரத்தில் 10-க்கு 2 மட்டுமே வாங்கிய கார்டு.

அதே வரிசையில் ஜோ டாயில் என்பவருக்கு அணியின் பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு கார்டு உண்டு. வாக்னரைவிட அதுதான் அரிது. ஆனால் வாக்னர் விலையின் பக்கத்தில்கூட அது வராது. டாயிலைத் தேடுகிறவர்கள் அந்த வரிசையை முழுசாகச் சேர்க்க முயல்பவர்கள் மட்டும்தான், வாக்னரையோ பேஸ்பாலே பார்க்காதவனும் தேடுகிறான். கேட்பவர் எத்தனை பேர், அதில் பணக்காரர் எத்தனை பேர், அதை வைத்துத்தான் விலை.

அப்புறம் நிலைமை. கார்டு எந்த நிலையில் பிழைத்திருக்கிறது என்பது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டரடரவென்று ஓட்டினார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், சுவரில் அடித்து விளையாடினார்கள். வீட்டை விட்டுப் போனதும் அம்மாக்கள் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். ஆகவே கூர்மையான நான்கு மூலையோடு, படம் நடுவில் சரியாக உட்கார்ந்து, மடிப்பும் கறையும் இல்லாமல் ஒரு கார்டு வந்தால் அது அதிசயம். மேன்டில் கார்டு கசங்கி மழுங்கியிருந்தால் சில பத்தாயிரம் டாலர், 2021-ல் 9 மதிப்பெண் பெற்ற ஒன்று 52 லட்சம் டாலர், அடுத்த வருடம் 9.5 பெற்றது அந்த 1 கோடியே 26 லட்சம். அந்த அரை மதிப்பெண்ணை வெறும் கண்ணால் என்னால் பார்க்க முடியாது, உங்களாலும் முடியாது.

அந்த மதிப்பெண்ணைப் போடுவது யார்? காசு வாங்கிக்கொண்டு கார்டைச் சோதித்து, எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தரும் கம்பெனிகள். பெரிய பெயர் 1991-ல் வந்த பிஎஸ்ஏ. அவர்கள் முதன்முதலில் சீல் வைத்ததே ஒரு வாக்னர்தான், 8 கொடுத்தார்கள். அதன் பயணத்தைக் கேளுங்கள். 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1987-ல் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றார். 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி, இன்னொருவரோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரத்துக்கு எடுத்தார். பிறகு வால்மார்ட் அதைப் போட்டிப் பரிசாக வைத்தது, ஃப்ளோரிடாவில் ஒரு தபால் ஊழியருக்கு அடித்தது, பரிசுக்கு வரி கட்டக் காசில்லாமல் அவர் உடனே விற்க வேண்டியதாகிவிட்டது. 2007-ல் 28 லட்சம் டாலர்.

2013-ல் நீதிமன்றத்தில் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார்: அந்தக் கார்டின் ஓரத்தை நான்தான் வெட்டினேன். அழகாகத் தெரிவதற்காக. வெட்டின கார்டுக்கு மதிப்பெண்ணே தரக் கூடாது என்பது விதி. ஆனால் அதற்குப் பிறகும் அந்த வாக்னர்தான் உலகத்திலேயே பேர்போன வாக்னர். மோசடிகூட அதன் கதையில் ஒரு அத்தியாயமாகச் சேர்ந்துவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சந்தை அப்படித்தான் இருக்கிறது.

பழைய கார்டுகளின் விலை ஏறுவதைக் கேட்டு 1980களின் கடைசியில் ஒரு தலைமுறையே பேராசையில் இறங்கியது. பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று அடுக்கி வைத்தார்கள். கம்பெனிகளும் அடித்துத் தள்ளின. யாரும் தூக்கி எறியவில்லை, அதுதான் வினை. அந்தக் காலத்தை இன்று ‘குப்பை மெழுகு யுகம்’ என்று கிண்டல் செய்கிறார்கள், பாக்கெட்டின் மெழுகுத்தாளை வைத்து. பெரும்பாலானவை இன்றைக்கும் சில்லறைக் காசுதான்.

யாராவது உங்களிடம் 1952 மேன்டில் என்று ஒன்றை நீட்டினால் முதலில் ஸ்கேலை எடுங்கள். அசல் கார்டு 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம். 1983-ல் டாப்ஸே அந்த வரிசையை மறுபடி அச்சடித்தது, அது 2½-க்கு 3½, கொஞ்சம் சின்னது. இந்த அளவு தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

[திரையில்: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்]

கடைசியாக ஒருவர். டி206 என்ற பெயரையே வைத்தவர், சிராக்யூஸ் நகரத்தில் தொழிற்சாலை வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தோடு, தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை இந்த அருங்காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். வேலை முடிந்த சில வாரங்களில், 1963-ல், இறந்துபோனார். அந்தச் சேகரத்திலும் ஒரு வாக்னர் இருக்கிறது. இத்தனை லட்சம் அட்டைகளையும் அவர் பசை போட்டு ஒட்டினார் என்று கேட்டால், இன்றைய வியாபாரிகள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.