கரண்ட் வைத்து முடிந்த பிறகு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, கீமோவும் முடித்து, கடைசியாகக் கரண்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையை நாம் கரண்ட் வைப்பது என்றே சொல்கிறோம். நானும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். நான் காவேரிப்பட்டணத்துக்காரி, இயன்முறை மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தச் சிகிச்சை பெற்ற பெண்களின் தோளையும் கையையும் கவனிப்பதிலேயே செலவிட்டவள்.

நான் சொல்ல வந்தது இதுதான். கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்; ஆனால் தோல் எரிச்சல் உச்சத்தை அடைவதும், சோர்வு அதிகமாவதும், மாதங்கள் கழித்துத் தோள் இறுகுவதும், கை வீங்குவதும் அந்த நாளுக்குப் பிறகுதான். அதுவரை தினமும் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ அரூரிலோ உள்ள தன் வீட்டில், தன் குடும்பத்தாரோடு அந்தப் பெண் இருப்பார். ஆகவே இந்த உரையைச் சிகிச்சை பெற்றவர் மட்டுமல்லாமல், அவருடைய கணவரும் மகனும் மருமகளும் கேட்க வேண்டும்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் கதிர்வீச்சு கொடுக்கும்போது, இயந்திரம் நின்ற நொடியிலேயே கதிரும் நின்றுவிடுகிறது. அந்தப் பெண்ணின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை; அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் பரவுவதில்லை. அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி உறவுக்கும் இதனால் தடையில்லை. ஒரு குழந்தையைப் பாட்டியிடமிருந்து காரணமில்லாமல் பிரித்துவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சை தந்த வலியைவிட அந்தப் பிரிவு அந்தப் பெண்களை அதிகம் வாட்டியது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு 25 நாள் வைத்தார்கள், எனக்கு 15 நாளில் முடித்துவிட்டார்களே, குறைத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். குறைக்கவில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரம் கொடுப்பதே வழக்கம். தினசரி அளவைச் சற்றுக் கூட்டி 3 வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்பதை இங்கிலாந்தில் நடந்து 2008இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. யாருக்கு எந்த முறை பொருந்தும் என்பதை மருத்துவர் நோயின் தன்மையைப் பார்த்து முடிவு செய்கிறார். சேலத்துக்கோ பெங்களூருக்கோ தினமும் பேருந்தில் போய்வரும் நம் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் குறுகிய முறை பெரிய உதவி.

அடுத்தது தோல். கதிர்வீச்சு தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடம் சிவக்கும் அல்லது கறுக்கும். அரிப்பும் எரிச்சலும் இருக்கும். சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் வரை இது கூடி, அதன் பிறகே ஆறத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் தணிந்துவிடும். முடிந்த பிறகும் கூடுகிறதே என்று கலங்க வேண்டாம். அது இயல்பான போக்குதான். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எண்ணெய் தேய்த்துச் சுடுநீரில் சீயக்காய் போட்டுக் குளிக்கும் பழக்கத்தை அந்த இடம் ஆறும் வரை தள்ளிவையுங்கள். மஞ்சள், வேப்பிலை விழுது எதையும் அங்கே பூச வேண்டாம். மருத்துவர் சொன்ன களிம்பு மட்டும் போதும். மார்பின் அடிமடிப்பிலும் அக்குளிலும் வியர்வை தங்கித் தோல் உரிந்து நீர் கசிந்தால், நாளைப் பார்க்கலாம் என்று இருக்காமல் காட்டிவிடுங்கள். அக்குளில் இறுக்கிப் பிடிக்கும் ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு, துவைத்துத் துவைத்து மெதுவான பழைய பருத்தி ரவிக்கையைத் தளர்வாகத் தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தெலும்புப் பக்கமும் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், பேருந்தில் சன்னலோரம் உட்காரும்போது வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள்.

சோர்வைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அது சோம்பல் இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ இருக்கலாம். படுத்தே கிடந்தால் அது கூடுகிறது. காலையிலும் மாலையிலும் சிறிது தூரம் நடந்தால் குறைகிறது. மாதங்கள் கடந்தும் குறையாவிட்டால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு பெற்றவர்கள் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான கைக்கு வருகிறேன்.

ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. இடது மார்பகத்தை அகற்றி, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும், நாம் நெறி என்போமே அவற்றையும், எடுத்திருந்தார்கள். மகன்கள் இருவரும் தாயின் மீது உயிரையே வைத்திருந்தார்கள். மருமகள்களோ, “அத்தை, நீங்கள் ஒரு சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது” என்று சொல்லி, தலை வாருவது முதல் சோறு பிசைந்து தருவது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். அந்த அம்மாவும் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நாட்களைக் கழித்தார். கீமோ முடிந்து கரண்ட் வைப்பதற்கான அளவு எடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. படுக்கையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் போகும் வழியில் கை குறுக்கிடும். அவருடைய கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. சிகிச்சையைத் தள்ளிவைத்து அவரை என்னிடம் அனுப்பினார்கள்.

அவருக்குச் சொன்ன பயிற்சியை நேயர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், படம் எதுவும் தேவையில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் வைத்து, எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, மெதுவாக இறக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று அதையே செய்ய வேண்டும். மல்லாந்து படுத்து, ஒரு கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, நல்ல கை மற்றக் கையைத் தலைப்பக்கம் கொண்டுபோகும்படியும் செய்யலாம். இழுவை தெரிய வேண்டும். கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலி கூடாது.

அந்த அம்மாவின் நான்காம் வகுப்புப் பேத்தி, ஆயாவின் விரல் எட்டிய இடத்தில் தினமும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட ஆரம்பித்தாள். ஆயா பயிற்சி செய்யாமல் உறங்கப் போனால் விடமாட்டாளாம். கோடுகள் மேலே ஏறின; கையும் ஏறியது; கதிர்வீச்சும் நல்லபடியாக முடிந்தது. கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். கரண்ட் முடிந்துவிட்டது, இனிப் பயிற்சி எதற்கு என்று அவர் நிறுத்திவிட்டார். சில மாதங்களில், பாவாடை நாடாவை முதுகுப்பக்கம் கைபோட்டு இழுக்க முடியவில்லை என்று திரும்ப வந்தார். கதிர்வீச்சு பட்ட தோலும் மார்புத் தசையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகக்கூடியவை. ஆகவே கதிர்வீச்சு நடக்கும்போதும் பயிற்சி வேண்டும். முடிந்த பிறகும் வேண்டும். நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போதும் வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் பழைய கோடுகள் மறைந்துவிட்டன என்றும், பேத்தி முதலிலிருந்து போடத் தொடங்கிவிட்டாள் என்றும் அடுத்த முறை வந்தபோது சொன்னார். பிறகு அவர் தன் தோட்டத்தில் தானே தக்காளி பறிக்கும் நிலைக்கு வந்தார்.

அன்பின் பெயரால் கையை முடக்கிவைக்காதீர்கள் என்று நான் எல்லாக் குடும்பங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கை வீக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வயலில் வடிகால் வாய்க்கால் அடைபட்டால் நீர் தேங்குவதுபோல, அக்குளில் முடிச்சுகளை எடுத்து அங்கே கதிர்வீச்சும் கொடுத்த பிறகு கையிலிருந்து நிணநீர் வடிவது தடைபடுகிறது. எல்லோருக்கும் வீக்கம் வருவதில்லை. வருகிறவர்களுக்கு மாதங்கள் கழித்தும் ஆண்டுகள் கழித்தும் வரலாம். வளையல் அழுத்திய தடம் பதிவது, ரவிக்கைக் கை இறுகுவது, கை பாரமாகத் தோன்றுவது ஆகியவை முதல் அறிகுறிகள். தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவால் மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து குறித்து வையுங்கள். வேறுபாடு 2 சென்டிமீட்டரைத் தொட்டால் உடனே காட்டுங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் கட்டுப் போடுவதாலும், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிவதாலும், முறைப்படி நீவிவிடுவதாலும் கட்டுக்குள் வைக்கலாம். நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லிச் சூடான ஒத்தடம் கொடுப்பதையும் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதையும் அறவே விட்டுவிடுங்கள். அறுவைக்குப் பிறகு அக்குளும் மேற்கையின் உட்புறமும் பலருக்கு மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது.

வீங்கிய கையால் எடை தூக்கவே கூடாது என்று முன்பு நாங்களே சொல்லிவந்தோம். 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. கை வீக்கமுள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினர் அழுத்த உறை அணிந்து, பயிற்றுநரின் மேற்பார்வையில் மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, கைக்கு வலு கூடியது. எனவே உழைத்துப் பிழைக்கும் நம் பெண்கள் வேலைக்குத் திரும்பலாம். முதல் நாளே தக்காளிப் பெட்டியைத் தூக்காமல், படிப்படியாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் காயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் முள் குத்தும். மாந்தோப்பில் காம்பிலிருந்து வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். கதிர் அறுக்கும்போது அரிவாள் படும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்திடுங்கள். கை சிவந்து சூடாகி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாமல் அது தணியாது.

பயிற்சிக்காக நெடுந்தூரம் போக முடியவில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போவதால், விரிவாகச் சொல்ல நினைத்திருந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ இலேசான காய்ச்சலோ வந்தால், இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு இருக்காதீர்கள்; நுரையீரலில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். கரண்ட் வைத்ததை மருத்துவரிடம் சொல்லிக் காட்டுங்கள். ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர வேண்டியது. உடம்பு நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம். டமாக்சிஃபன் சாப்பிடுகிறவர்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டு வலி வரலாம், எலும்பு மெலியலாம். நடையும் மருத்துவர் தரும் கால்சியமும் வேண்டும். நம் ஊர்க் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியாகவோ கூழாகவோ தினமும் ஒரு வேளை சாப்பிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்க மார்பகத்துக்கும் அது வேண்டும்.

நன்றி, வணக்கம்.