கிணறு வெட்டியாகிவிட்டது, கயிறு எங்கே?

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டி 2010 டிசம்பர் 31-ஓடு நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு வண்டி ஓடியது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. வண்டி நின்ற வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பன்னிரண்டாவது முடித்துவிட்டது. இந்தத் தடத்தை நாம் பறிகொடுத்தது இது முதல் தடவையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள்.

மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. "பழைய தடம்தான் கிடக்கிறதே, எதற்கு இவ்வளவு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மீட்டர்கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். அகலப்பாதையில் 1676. முக்கால் மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் அதற்காக மண்கரையை விரிக்க வேண்டும், கனமான எஞ்சினைத் தாங்கும்படி பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும், பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்ட வேண்டும். பழைய தடத்தில் மிஞ்சியது நிலம் ஒன்றுதான். அந்த நிலமும் கைவிட்டுப் போயிருந்தால் 500 கோடியில் முடிந்திருக்காது.

எந்த மதிப்பீட்டிலும் ஏறாத செலவு ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் மதுரை போய்வந்தவர்கள், பன்னிரண்டு வருடமாக ரயில் டிக்கெட்டுக்கு மேல் அதிகமாகப் பஸ்ஸுக்குக் கொடுத்த பணம். அது நம் சட்டைப்பையிலிருந்து போனது.

இப்போது என்ன ஓடுகிறது? தினமும் ஒரே ஒரு பாசஞ்சர், வாரம் மூன்று நாள் சென்னை வண்டி. ஒரு வண்டி ஓடினாலும் பத்து ஓடினாலும் தடம் போட்ட செலவு அதேதான். கிணறு வெட்டக் கூலி கொடுத்தவர்கள் கயிறு வாங்க யோசிக்கலாமா?

அந்தப் பாசஞ்சரும் காலையில் மதுரையிலிருந்து கிளம்பி இங்கே வருகிறது, மாலையில் திரும்புகிறது. மதுரைக்காரர் போடிக்கு வந்துபோகலாம். போடிக்காரர் காலையில் ரயிலில் மதுரைக்குப் போய் வேலை முடித்து ராத்திரி வீடு திரும்ப வழியில்லை.

நாம் கேட்பது புதுப் பாதை அல்ல. ராத்திரி ஒரு ரேக், அதாவது பெட்டிகள் கோத்த ஒரு முழு வண்டி, போடியில் தங்கட்டும். காலை ஆறு மணிக்கு எடுக்கட்டும். எட்டரைக்குள் மதுரை ஜங்ஷனில் இறங்கிவிடுவோம்.