குன்னூர் வீட்டுச் சமையல் மேடை: மூலை விலகிய கதை

வணக்கம், குன்னூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழைச் சத்தம். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் கார்த்திகையே முடிந்துவிடும்.

கேமராவை மேடைப் பக்கம் திருப்புகிறேன். இரண்டு மரப் பலகைகள் சேரும் கோடு இது, நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. முன்பு இதே மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி நிறுத்தலாம். ரசம் உள்ளே இறங்கும், அதைத் தேடி எறும்பு வரும்.

"கருங்கல் போட்டிருக்கலாமே" என்று மாமா இன்னும் கேட்கிறார். இந்தக் குளிரில் காலை ஆறு மணிக்குக் கல் மேடையில் கை வைத்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கோவையில் ரப்பர் மரப் பலகைகள் வாங்கினேன்: எட்டடி நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப்பின் கூரையில் அவை ஆடியதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

முதல் முறை, படச்சட்டம் போல 45 பாகையில் அறுத்து ஒட்டினேன். ஐப்பசி அடைமழையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாசியில் காற்று உலர்ந்ததும், நாம் நிற்கும் உள்மூலையில் வாய் பிளந்துவிட்டது. மரம் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அகலம் குறைந்தால் 45 பாகை 45-ஆக நிற்காது. ஈரம் ஏறினால் பிளவு சுவர் மூலைக்கு மாறும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு பலகை வீண். அலமாரித் தட்டாகிவிட்டது.

இரண்டாம் முறை ஒரு பலகையைச் சுவர் மூலை வரை முழுதாக ஓடவிட்டு, மற்றதன் முனையை அதன் முன்விளிம்பில் முட்டவைத்தேன். அதற்கு முன் சுவரை அளந்தேன். மூலையிலிருந்து ஒரு சுவரில் 60, மற்றதில் 80 சென்டிமீட்டர் குறித்தால் இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 100 வரவேண்டும். எனக்கு 101 வந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடு, வேறென்ன எதிர்பார்ப்பது? ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டால் 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டர் ஓட்டை விழும். அட்டையை வெட்டி மூலையில் வைத்துப் பார்த்து, அந்தக் கோணத்திலேயே அறுத்தேன். வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலே வரும், ஆகவே பலகையின் நல்ல முகம் கீழே இருக்கட்டும். முன்விளிம்பின் கூர்மையை மழித்து உருட்டுவதாக இருந்தால் இணைத்த பிறகு உருட்டுங்கள். முன்பே உருட்டினால் இரண்டும் முட்டும் இடத்தில் ஒரு பள்ளம் நிற்கும். தொட்டியையும் அடுப்பையும் இணைப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், கொஞ்சம் இருட்டாக இருக்கும். இந்த மூன்று போல்ட்டுகளும் அடியிலிருந்து இரண்டு பலகைகளையும் இழுத்துப் பிடிக்கின்றன. போல்ட்டுக்காகப் பலகையின் அடியில் தோண்டும் குழி 18 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, இறங்கினால் மேல்முகம் மெலிந்துவிடும். மட்டம் பிசகாமல் இருக்க மூன்று மர ஆணிகள் உண்டு. நடுவில் இருப்பது மட்டும் இறுக்கம், ஓரத்து இரண்டுக்கும் நீள்வட்டத் துளை. கோட்டில் பசை கிடையாது, சிலிக்கோன் மட்டும். முட்டும் பலகை அகலத்தில் விரியும், ஓடும் பலகை நீளத்தில் அசையாது. இரண்டையும் பசையால் பிணைத்தால் ஏதாவது ஒன்று வெடிக்கும். அறுத்த முனை உறிஞ்சுகுழல் போல நீர் குடிக்கும் என்பதால் அங்கே முன்கூட்டியே மூன்று முறை வார்னிஷ் பூசினேன்.

ஓடும் பலகையின் முன்பக்கத் திருகாணிகளை இறுக்கிவிட்டேன். பின்பக்கத் தாங்கிகளில் நீளத் துளை, அங்கே மரம் இஷ்டம்போல் நகரலாம். சுவரோரம் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். அதை மறைக்க ஓடு ஒட்ட வேண்டும், இன்னும் ஒட்டவில்லை. காரணம் இந்தப் பென்சில் கோடுகள். பலகையின் பின்விளிம்பு மாசியில் இங்கே இருந்தது. இன்று காலை குறித்தது இது. நடுவில் மூன்று மில்லிமீட்டர்.