நுவரெலியாவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான்: வாலையும் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. விக்டோரியா பூங்காவில், ஓடைக்கரைப் பக்கம் நிற்கிறேன். அந்தப் புதருக்குக் கீழே ஒரு வால் துடிக்கிறது, தெரிகிறதா? காஷ்மீர் ஈப்பிடிப்பான். பறந்துவிடக்கூடாது என்றுதான் மெதுவாகப் பேசுகிறேன்.

கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். கோடையில் காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் கூடு கட்டும். அங்கே குளிர் இறங்கினால் பூச்சி கிடைக்காது. அதனால் அக்டோபர் வாக்கில் நம் மலைநாட்டுக்கும் நீலகிரிப் பக்கமும் வந்துவிடும். உலக அளவில் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் IUCN சிவப்புப் பட்டியலில் அழியவாய்ப்புள்ள இனமாக இருக்கிற குருவி இது. நம் ஊர்ப் பூங்காவில், டிக்கட் எடுத்து உள்ளே வந்தால் பார்க்கலாம் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

சரி, அடையாளத்துக்கு வருவோம். ஆணின் முதுகு சாம்பல், தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். இந்த நிறத்தைக் கண்டதும் பெயரை எழுதிவிடாதீர்கள், செந்தொண்டை ஈப்பிடிப்பானுக்கும் அது உண்டு. கழுத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். காஷ்மீர்க்காரருக்குச் செம்மஞ்சளின் இரு பக்கமும் மை இழுத்தாற்போல் கறுப்பு விளிம்பு இறங்கும். நிறமும் தொண்டையோடு நிற்காமல் விலாப்பக்கம் வரை பரவும்.

பெண் பறவையில்தான் குழப்பம். மேலே மங்கிய பழுப்பு, கீழே வெளிறிய நிறம். பழுப்பு ஈப்பிடிப்பானும் குளிர்காலத்தில் இங்கே இருப்பதால் சட்டென்று பிரிக்க முடியாது. அப்போது வாலைப் பாருங்கள்: அடிப்பகுதியில் இரு ஓரமும் வெள்ளை என்றால் காஷ்மீர், வெள்ளையே இல்லை என்றால் பழுப்பு. பழுப்புக்காரர் வெட்டவெளிக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில் போகிற பூச்சியைப் பிடித்துவிட்டு அனேகமாக அதே இடத்துக்குத் திரும்புவார்.

நம்மவரோ தாழ்வாகவே திரிவார். இதோ, இறங்கிவிட்டது! சருகில் ஒரு கொத்து... மறுபடியும் கிளைக்கு. இறக்கையைத் தளர்த்தி வாலைத் தூக்குகிறது, பாருங்கள், வெள்ளை தெரிகிறது. இந்த ஒரு நொடிக்காகத்தான் பொறுமையாக நிற்கச் சொல்கிறேன்.

தயவுசெய்து போனில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுக்காதீர்கள். இரை தேடுகிற நேரம் வீணாகும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், தானாக வரும்.

அப்புறம், ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா வருகிறவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். மார்ச் கடைசியிலேயே கிளம்பத் தொடங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் காலையிலேயே வாருங்கள். வாய்த்தால் இதே ஓடைக்கரையில் ஆறுமணிக்குருவியையும் பார்க்கலாம்.