நார்ட்டுகளின் தண்ணீர்

நண்பர்களே,

ரஷ்யாவின் தெற்கே, காக்கசஸ் மலைக்கு வடக்கே, எல்ப்ரூஸ் சிகரத்தின் பனி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நான்கு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பியாதிகோர்ஸ்க், எசெந்துகி, ஷெலெஸ்னோவோத்ஸ்க், கிஸ்லோவோத்ஸ்க். கடைசிப் பெயருக்குப் 'புளிப்புத் தண்ணீர் ஊர்' என்று பொருள். அந்தப் புளிப்புத் தண்ணீர்தான் நர்சான்.

அந்த ஊற்றைப் பார்த்தால் உலை கொதிப்பதுபோல் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். வெப்பம் 12 டிகிரியை ஒட்டித்தான். கொதிப்பது கரியமில வாயு. கோலி சோடாவில் நாம் அடைக்கிற அதே வாயுவை அங்கே பூமியே அடைத்துத் தருகிறது. அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பெங்கும் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பு சிவக்கும். இதய நோயாளிகளை அங்கே அனுப்பியதற்கு இதுதான் காரணம்.

இதையெல்லாம் ரஷ்ய மருத்துவர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லில்தான் எனக்கு வருத்தம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கபார்டிய மக்களின் கதைகளில் நார்ட்டுகள் என்கிற பெருவீரர்கள் வருவார்கள். அவர்கள் குடித்த பானம் என்பதால் 'நார்ட் சானே'. அதுதான் நர்சான் ஆயிற்று. பேர் வைத்தவர்களுக்கா ஊற்று தெரியாது?

1803-ல் ஜார் முதலாம் அலெக்சாண்டர் இந்த ஊற்றுகளை அரசின் கவனிப்பில் எடுத்து ஆணையிட்டார். அதே ஆண்டு நர்சான் பக்கத்தில் கோட்டை எழும்பியது. சிகிச்சை விடுதி வருவதற்கு முன்னால் பீரங்கி வந்துவிட்டது. கபார்டியர்கள் எதிர்த்தார்கள், 1804-ல் கிளர்ச்சியே வெடித்தது. அடக்கப்பட்டது.

1810-ல் ஹாஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் வந்தார். பின்னாளில் மாஸ்கோவில் கைதிகளுக்காகவே வாழ்ந்த மனிதர், அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஷெலெஸ்னயா மலையின் வெந்நீர் ஊற்றை உலகுக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் காட்டுக்குள் அவருக்கு வழி காட்டியவர் இஸ்மாயில் பெய் அதாஜுகின் என்கிற கபார்டிய இளவரசர். ஷெலெஸ்னோவோத்ஸ்க் ஊரின் வரலாற்றில் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1823-ல் பேராசிரியர் நெலியூபின் வந்து தண்ணீரைச் சோதித்து, எசெந்துகி ஊற்றுகளுக்கு எண் போட்டார். இன்றும் பாட்டிலில் 'எசெந்துகி 4', 'எசெந்துகி 17' என்றுதான் இருக்கிறது. பிறகு கட்டடக் கலைஞர்களான பெர்னார்தாச்சி சகோதரர்கள் பியாதிகோர்ஸ்கில் குளியல் மாளிகைகள் கட்டினார்கள். காயம்பட்ட அதிகாரிகள், கல்யாண வயதுப் பெண்களோடு வந்த பிரபுக் குடும்பங்கள், சீட்டாட்டம், நடனம் என்று ஊர் நிறைந்தது. கவிஞர் லெர்மன்தோவும் சிகிச்சைக்கென்று அனுமதி வாங்கித்தான் 1841-ல் அங்கே தங்கினார். மஷூக் மலையடியில் துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது அவருக்கு வயது 26.

1894-ல் கிஸ்லோவோத்ஸ்க் வரை ரயில் வந்தது. 1919-ல் சோவியத் அரசு சிகிச்சைத் தலங்களைப் பொதுச் சொத்தாக்கியது. செஞ்சேனை வந்த பிறகே அங்கே அது நடப்புக்கு வந்தது. பிரபுக்கள் குளித்த தொட்டியில் சுரங்கத் தொழிலாளி தொழிற்சங்கம் தந்த அனுமதிச் சீட்டோடு வந்து உட்கார்ந்தான். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் விடுதிகள் ராணுவ மருத்துவமனைகளாயின. 1942 ஆகஸ்டில் ஜெர்மன் படை புகுந்தது. அங்கிருந்த யூதர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. 1943 ஜனவரியில்தான் அந்தப் படை விலகியது.

இத்தனை கை மாறிய பிறகும், கடையில் விற்கிற பாட்டிலில் ஒட்டியிருக்கிற பெயர் 'நர்சான்'தான்.