சர்வர் அறைக்கு வாயு தீயணைப்பு: சிலிண்டருக்கு முன்னால் அறையை அளந்து பாருங்கள்

[காட்சி: பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறை. கதவு திறக்கிறது.]

ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். இங்கே தண்ணீர் அடித்துத் தீயை அணைத்தால், தீக்குத் தப்பிய சர்வரும் தண்ணீரில் போய்விடும். அதனால்தான் வாயு. நாம் எடுத்துக்கொள்வது எச்எஃப்சி-227இஏ. எஃப்எம்-200 என்ற வணிகப் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியும். ஓசோனைக் கெடுத்த ஹாலான் என்ற பழைய தீயணைப்பு வாயுவுக்கு மாற்றாக வந்தது. மின்சாரத்தைக் கடத்தாது, கறை வைக்காது.

[காட்சி: டேப் வைத்து அளக்கிறார்கள். சீலிங் பலகை ஒன்று விலகுகிறது.]

எத்தனை கிலோ வேண்டும்? தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை 2.7 மீட்டர். பெருக்கினால் 54 கன மீட்டர். கொட்டேஷன் பெரும்பாலும் இதற்குத்தான் வரும். ஆனால் சீலிங்குக்கு மேலே 60 செ.மீ., உயர்த்திய தரைக்குக் கீழே 30 செ.மீ. வெற்றிடம் இருக்கிறது. இரண்டிலும் கேபிள் ஓடுகிறது. அதையும் சேர்த்தால் 72 கன மீட்டர்.

18 டிகிரியில் ஒரு கிலோ வாயு 0.136 கன மீட்டர் இடம் பிடிக்கும். வடிவமைப்புச் செறிவு, அதாவது அறைக் காற்றில் இந்த வாயுவின் பங்கு, 8 சதவீதம் என்று வையுங்கள். 72-ஐ 0.136-ஆல் வகுத்து, அதை 8-ஆல் பெருக்கி 92-ஆல் வகுத்தால் 46 கிலோ. 54 கன மீட்டருக்கு என்றால் 34.5 கிலோதான் வரும். அந்த 34.5 கிலோ பலகை இடுக்குகளில் புகுந்து 72 கன மீட்டரிலும் பரவினால் செறிவு 6.1 சதவீதம். பாதுகாப்புக்காகச் சேர்த்த உபரியெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

நெல்லை வெயிலுக்கு 18 டிகிரி எதற்கு? குளிரில் வாயு சுருங்கும். அறை எந்த அளவுக்குக் குளிருமோ அதற்குத்தான் கிலோ கணக்கு. பிறகு எதிர்ப்பக்கமும் பாருங்கள். சித்திரையில் ஏசி நின்று அறை 40 டிகிரி ஆனால் அதே 46 கிலோ 8.6 சதவீதமாகும். ஆள் புழங்கும் அறையில் 9-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. மாஞ்சோலை மாதிரி ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே வாயுவும் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே போதும்.

[காட்சி: கதவின் அடி இடுக்கு. சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை.]

எங்கள் கணிப்பில் இந்த அமைப்பு தோற்கும் இடம் சிலிண்டர் இல்லை, இந்த ஓட்டைகள்தான். வாயு பத்து நொடிக்குள் முழுதும் வந்துவிடும். ஆனால் பத்து நிமிடமாவது அறையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சூடு ஆறாத இடத்தில் தீ மறுபடி பிடிக்கும். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு கனம். அது கலந்த காற்று கீழே இறங்கி, கதவடியிலும் கேபிள் பள்ளத்திலும் வெளியேறும். மேல் இடுக்கில் வெளிக்காற்று நுழையும். முதலில் பாதுகாப்பு இழப்பது சர்வர்களை அடுக்கிய ரேக்கின் மேல் தட்டு. ஒரு மீட்டர் கதவின் கீழே ஒரு செ.மீ. இடைவெளி என்றால் நூறு சதுர செ.மீ. ஓட்டை! பழைய மச்சுக்கட்டு வீட்டை அலுவலகமாக்கியிருந்தால், உத்தரம் சுவரில் ஏறும் இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இதற்குச் சோதனை உண்டு. வாயுவைத் திறக்காமல், கதவில் விசிறி பொருத்திக் காற்றை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் கசிவை அளப்பார்கள். மிகச் சிறிய அழுத்தத்தை அளக்கிற வேலை. அதனால் ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறைகளில் மேல்காற்று ஓய்ந்த அதிகாலையில் செய்யுங்கள்.

முழுக்க அடைத்தாலும் சிக்கல். வாயு பாயும்போது எழும் அழுத்தத்தில் கண்ணாடியோ ஜிப்சம் சுவரோ பெயரலாம். அழுத்தம் வடிய ஒரு வென்ட் தேவையா என்று கணக்கிடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தானாக மூட வேண்டும்.

[காட்சி: பைப் இரண்டாகப் பிரியும் 'T' வடிவ டீ இணைப்பு.]

பைப்பில் ஓடுவது திரவமும் வாயுவும் சேர்ந்த கலவை. டீயின் கிளைகள் கிடைமட்டமாகப் பிரிய வேண்டும். மேலும் கீழுமாக வைத்தால் திரவம் கீழ்க்கிளைக்கே அதிகம் போகும். இடம் இல்லை என்று ஓர் எல்போ (வளைவு இணைப்பு) கூட்டினாலும், பைப்பில் ஓட்டத்துக்கான ஹைட்ராலிக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.

ஒரு டிடெக்டர் புகையைக் கண்டால் மணி மட்டும். இரண்டாவதும் கண்டால் வாயு திறப்பதற்கான முப்பது நொடி எண்ணிக்கை தொடங்கும். வெளிக்காற்று வரும் குழாயின் தடுப்பு (டேம்பர்) மூடும், யுபிஎஸ் உட்பட மின்சாரம் அறும், ஆட்கள் வெளியேறிவிட வேண்டும். தீயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது வெறும் வசதிக்காக இல்லை. பெரிய தீயில் இந்த வாயு சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும். அது நுரையீரலையும் அரிக்கும், சர்க்யூட் போர்டையும் அரிக்கும். லித்தியம் பேட்டரிகளை இந்த அறையில் வைக்காதீர்கள். அவற்றின் உள்ளே தொடங்கும் சூட்டை இந்த வாயு நிறுத்தாது.

[காட்சி: சிலிண்டர் தராசில்.]

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரை எடை போடுங்கள். அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் நம்ப முடியாது. அது காட்டுவதில் பெரும்பங்கு மேலே ஏற்றிய நைட்ரஜன் அழுத்தம். எடை 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 46 கிலோவில் 2.3 கிலோவுக்கு மேல் குறைந்தால், அல்லது வெப்பநிலைக்கு ஈடு செய்த பிறகும் அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், மறுபடி நிரப்ப வேண்டும். வேலை முடிந்ததும் சிலிண்டரைத் திறக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டிய பாதுகாப்புப் பின்னை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அடுத்த முறை யாராவது புது கேபிளுக்குச் சுவரைத் துளைத்தால், அன்றைக்கே தீத்தடுப்பு சீலன்ட் வைத்து அடைத்து, விசிறிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.